கிராமத்துச் சனசமூக நிலையம்: அமைப்பும் நிதியும்

உழைப்பும் ஓய்வும் மனித வாழ்வின் இரு கூறுகளாம். உழைத்தற்குரிய இடங்களைக் கிராமம் தானே அமைத்துக்கொண்டுள்ளது. வயலும் தோட்டமும், கடற்கரையும் பட்டறையும் அத்தகையன. ஓய்வுப் பொழுதைக் கூடிக் கழித்தற்குரிய இடம் யாது என வினவின், விடை எளிதிற் கிடைப்பதன்று. முன்னாளிற் கோயில் மடமும், ஆலமரத்தடியும், வீட்டுத் திண்ணையும் அத்தேவையை ஓரளவு நிறைவு செய்தன. வெறுங்காணிகளிற் சிறுவர் கிளித்தட்டு மறித்தனர். வாசிகசாலையில் ஒருவர் பத்திரிகை படிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்டனர். இன்று வெறுங்காணிகளை மதில்கள் சூழ்ந்துள்ளன. திண்ணை வைத்து வீடு கட்டுவார் அரியர். இளைஞர் சந்தியில் நிற்கின்றனர். முதியோர் வீட்டினுட் தனித்திருக்கின்றனர். பெண்களுக்கோ சந்திதானும் இல்லை. ஆகவே, யாவரும் கூடிப் படிக்கவும் பேசவும் விளையாடவும் ஏற்றதொரு சனசமூக நிலையம் ஒவ்வொரு கிராமத்துக்கும் இன்றியமையாததாகின்றது.

அத்தகைய நிலையத்தைப் புதிதாக அமைக்கப் புகுவோர் அறிந்திருக்க வேண்டுவன யாவை என்பதை ஈண்டு ஆராய்வோம். நாம் வலியுறுத்த விரும்புவது ஒன்றே. ஒரு நிலையத்தைக் கட்டுதற்கு வேண்டிய பணத்தைக் கணக்கிடுமுன், அதனை நாள்தோறும் திறந்து வைத்தற்கு வேண்டிய பணத்தைக் கணக்கிடல் வேண்டும். திறப்புவிழாவன்று மாலையும் மேளமுமாய் விளங்கி, மூன்றாம் ஆண்டிற் பூட்டிய கதவும் உடைந்த யன்னலுமாய் நிற்கும் கட்டடங்களை நம்மிற் பலர் கண்டிருக்கின்றோம். அவை பணமின்மையாற் கெட்டன என்பதிலும், பணத்தைப் பங்கிட்ட முறையாற் கெட்டன என்பதே பொருந்தும்.

தேவையை அறிதல்

முதற்கண் செய்யத்தக்கது வீடுதோறும் சென்று வினவுதல். இது மாணவர் செய்தற்கு மிக ஏற்ற பணி. “உமக்கு நிலையம் வேண்டுமோ?” என்று கேட்டால் எவரும் வேண்டுமென்றே கூறுவர், அவ்விடையாற் பயன் சிறிது. எந்த நாளில், எந்த நேரத்தில், எதன் பொருட்டு வருவீர், மாதந்தோறும் எவ்வளவு கொடுப்பீர் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளல் வேண்டும். தோட்டக்காரருக்கு மாலையில் நீர் இறைக்கும் வேலையுண்டு. கடற்றொழிலாளர் இரவிற் கடலிலிருப்பர். பெண்கள் பிற்பகலில் இரண்டு மணி நேரமே வெளியே வரத்தக்கவராயிருப்பர். பரீட்சைக்குப் படிக்கும் மாணவருக்கு இரவில் வெளிச்சமும் அமைதியும் வேண்டும். இவற்றை நேர அட்டவணையாக எழுதிப் பார்த்தால், ஒரே மண்டபம் வெவ்வேறு வேளைகளில் வெவ்வேறு கூட்டத்தார்க்குப் பயன்படுமாறு புலனாகும். அவ்வட்டவணையே நிலையத்தின் முதல் வரைபடம் எனலாம்.

காணியும் உறுதியும்

காணியைத் தெரிவு செய்யுமிடத்து இரு வினாக்கள் எழும். ஒன்று, அங்கே யாவரும் தயக்கமின்றி வருவரோ என்பது. ஊரின் ஒரு பகுதியாருக்கே உரியதென்று கருதப்படும் இடத்திலமைந்த நிலையத்துள் மற்றப் பகுதியார் கால் வையார். சாதி காரணமாகப் பொதுவிடங்களிற் பிரவேசிப்பதைத் தடுத்தல் குற்றமென 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் விதித்தது. எனினும், சட்டம் கதவைத் திறக்கலாம். உள்ளே இருக்கையிட்டு அழைத்தல் ஊரவர் கடன். எல்லாக் குறிச்சிகளும் வந்து சேரும் பொதுவீதியருகே நிலையத்தை அமைத்தலும், நிருவாக சபையில் ஒவ்வொரு குறிச்சிக்கும் இடமளித்தலும் இதன்பாற்படும்.

மற்றையது உரிமை பற்றியது. காணியைத் தருவதாக வாயாற் கூறுதல் போதாது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் எழுதப்படல் வேண்டும். பிரிவிடப்படாத பங்கை ஒருவர் நன்கொடையாகத் தந்தால், ஊர் ஏனைய பங்காளருடன் கூட்டுடைமையாளராகிப் பின்னர் வழக்காடவும் நேரும். தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் காணியைக் கொடுக்குமிடத்துக் கணவனது எழுத்திலான சம்மதமும் வேண்டப்படும். அன்றியும், சட்டத்தாற் கூட்டிணைக்கப்படாத சங்கம் தன் பெயரிற் காணியை உடையதாதல் இயலாது. ஆதலின், 1917 ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ்ப் பொறுப்பாளர் சிலரிடம் காணியை ஒப்படைத்தல் ஒரு வழி. பிரதேச சபைக்கு எழுதிக் கொடுத்தல் மற்றொரு வழி. பின்னையதாற் பொதுப்பணம் பெறுதல் எளிதாகும். ஆயின், ஊரவரின் அதிகாரம் குறையும். முன்னையதைத் தெரிந்தால், பொறுப்பாளர் ஒருவர் இறந்தாலோ நாட்டை விட்டு நீங்கினாலோ அடுத்தவரை நியமிக்கும் முறையை உறுதியிலேயே எழுதி வைத்தல் வேண்டும்.

கட்டடமும் முற்றமும்

அரை ஏக்கர், அதாவது 8 பரப்புக் காணி, சிறியதொரு நிலையத்துக்குப் போதியது. கரப்பந்தாட்டக் களம் 18 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமும் உடையது. சுற்றிலும் 3 மீற்றர் விடின், ஏறக்குறைய ஒன்றரைப் பரப்பு வேண்டும். வலைப்பந்தாட்டக் களத்துக்குச் சுற்றிடமும் சேர்த்து மூன்று பரப்பளவு போதும். மண்டபத்துக்கு ஒரு பரப்பு ஒதுக்கினாலும், மரநிழலுக்கும் கிணற்றுக்கும் சிறுவர் முற்றத்துக்கும் இடம் எஞ்சும். உதைபந்தாட்டத் திடலுக்கு இருபத்தைந்து பரப்புக்கு மேல் வேண்டப்படுதலின், அதன்பொருட்டுப் பாடசாலை மைதானத்தைப் பயன்படுத்த ஒழுங்கு செய்தலே அறிவுடைமை. களங்களின் நீளம் வடக்குத் தெற்காக அமைதல் வேண்டும். அன்றேல், மாலை வெயில் ஒரு பக்கத்தாரின் கண்ணிற்படும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடியில் உள்ளது சுண்ணக்கல். அதன் வெடிப்புகளூடே கழிவுநீர் விரைந்து சென்று கிணற்று நீரை மாசுபடுத்தும். ஆகவே, மலசலகூடத்தைக் கிணற்றுக்கு எட்ட அமைப்பதோடு, அதன் தொட்டி கசியாதவாறு கட்டப்படுதலும் அவசியம். ஐப்பசி தொடங்கி மார்கழி வரையுள்ள மழைக்காலத்தில் அத்திவாரம் வெட்டலாகாது. தைக்குப் பின்னர் தொடங்குதல் நன்று. வாயிலிற் படிகளோடு சாய்தளமும் வேண்டும். அதன் உயரம் ஓரடியாயின் நீளம் பன்னிரண்டு அடியாதல் தகும். 2009 இல் முடிவுற்ற போரிற் காலிழந்தோர் வாழும் ஊர்களில், சாய்தளமில்லாத வாயில் அவர்களை வரவேண்டா என்று கூறும் வாயிலேயாம்.

பிறநாட்டார் கண்ட வழி

இத்துறையிற் பிறர் பெற்ற அனுபவத்தையும் நோக்குவோம். இங்கிலாந்திற் கேம்பிரிட்சுக் கோட்டத்தின் கல்விச் செயலாளராயிருந்த ஹென்றி மொறிஸ் என்பார், கிராமங்கள் தேய்ந்து மக்கள் நகரங்களை நாடுவதைக் கண்டு, 1924 இல் ஒரு திட்டத்தை வரைந்தார். பாடசாலைக்கு ஒரு கட்டடம், வாசிகசாலைக்கு ஒன்று, கூட்டங்களுக்கு ஒன்று எனத் தனித்தனியே எழுப்பாது, பகலிற் சிறுவரும் இரவில் வளர்ந்தோரும் பயன்படுத்தும் ஒரே நிறுவனத்தைக் கிராமக் கல்லூரி என்னும் பெயரால் அமைக்கலாம் என்பது அவர் கருத்து. அவ்வகையின் முதற் கல்லூரி 1930 இற் சோஸ்டன் என்னும் ஊரிலே திறக்கப்பட்டது. சிறிய பணத்தை ஒரே கூரையின்கீழ்ச் சேர்த்தாற் பெரிய பயன் விளையும் என்பது இதனால் நாம் கற்கும் பாடம்.

நிதி பற்றிய பாடத்தைப் பிரித்தானியச் சுரங்கத் தொழிலாளரிடம் கற்கலாம். 1920 ஆம் ஆண்டின் சுரங்கக் கைத்தொழிற் சட்டம், வெட்டப்படும் நிலக்கரியின் ஒவ்வொரு தொன்னுக்கும் ஒரு பென்னி வீதம் தொழிலாளர் நலநிதிக்குச் செலுத்தப்படல் வேண்டுமென விதித்தது. அப்பென்னிகள் திரண்டு சுரங்கத்து ஊர்களில் மண்டபங்களாகவும் விளையாட்டிடங்களாகவும் உருப்பெற்றன. ஒரு தொன்னுக்கு ஒரு பென்னி எவருக்கும் பாரமாகாத தொகை. அது தவறாது வந்தமையே அதன் வலிமை. நம்மூரில் நிலக்கரி இல்லை; ஆயின், சங்கக்கடையும் மீனவர் சங்கமும் விளைபொருட் சந்தையும் உள்ளன. சம்மதித்து ஒதுக்கப்படும் சிறு வீதம் இங்கும் பெருந்தொகையாகத் திரளும்.

நிதி வரும் வாயில்கள்

கிராமத்துக்கு நிதி வரும் வாயில்கள் நான்கு. முதலாவது ஊரவரின் உடலுழைப்பும் சந்தாவும். 1958 இல் ஏ. ரீ. ஆரியரத்தினாவும் நாலந்தாக் கல்லூரி மாணவரும் கனத்தொலுவைக் கிராமத்தில் நடத்திய முகாமிலிருந்து சர்வோதய இயக்கம் வளர்ந்தது. சிரமதானம் இந்நாட்டார்க்குப் பழகிய சொல்லாயிற்று. சிரமதானத்தால் நிலம் திருத்தலாம், அத்திவாரம் வெட்டலாம், கல் சுமக்கலாம். மேசனும் தச்சனும் மின்னிணைப்பாளனும் செய்யும் வேலையை அவரவரிடமே விடுதல் வேண்டும்.

இரண்டாவது பொதுப்பணம். பிரதேச சபை, மாகாண சபை, பாராளுமன்ற உறுப்பினரின் பன்முகப்படுத்தப்பட்ட நிதி என்பன இதனுள் அடங்கும். அரசாங்கப் பணம் அவ்வாண்டு மார்கழி முடிவதற்குள் செலவிடப்படவேண்டியது. எனவே, அங்கீகாரம் பெற்ற வரைபடமும் மதிப்பீடும் உறுதியின் பிரதியும் முன்னரே ஆயத்தமாயிருக்கும் சங்கமே அதனைப் பெற்றுப் பயனடையும்.

மூன்றாவது பழைய மாணவரும் கடல்கடந்து வாழ்வோரும் அளிக்கும் நன்கொடை. நான்காவது நிலையம் தானே ஈட்டும் வருவாய். மண்டப வாடகை, விழாக்கள், மாலை வகுப்புகள் என்பன அதற்குரியன.

ஆண்டுக் கணக்கு

இனி ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். தொகைகள் யாவும் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டவை. ஒவ்வோர் ஊரும் தன் தொகைகளை இட்டுப் பார்க்க.

250 குடும்பங்கள் உள்ள ஊரிலே பகுதிநேரப் பராமரிப்பாளருக்கு மாதம் 15,000 ரூபா எனின், ஆண்டுக்கு 180,000 ரூபா. மின்சாரத்துக்கும் நீருக்கும் 60,000. பத்திரிகை, சஞ்சிகைகளுக்கு 72,000. விளையாட்டுப் பொருள்களுக்கு 48,000. பழுதுபார்த்தலுக்கு ஒதுக்குவது 120,000. ஆகச் செலவு 480,000 ரூபா.

வரவு வருமாறு: குடும்பமொன்றுக்கு மாதம் 100 ரூபா வீதம் ஆண்டுச் சந்தா 300,000 ரூபா. எல்லோரும் கொடுப்பர் என எண்ணுதல் தகாது. மூன்றில் இரு பங்கு சேரும் எனக் கொண்டால் 200,000. மண்டப வாடகை மாதம் 10,000 வீதம் 120,000. ஆக வரவு 320,000 ரூபா. குறைவு 160,000 ரூபா.

இக்குறைவே பூட்டிய கதவின் காரணம். முதலாண்டில் உற்சாகத்தால் ஒருவர் அதனைத் தாங்குவார். இரண்டாம் ஆண்டிற் பத்திரிகை நிற்கும். மூன்றாம் ஆண்டில் மின்சாரம் துண்டிக்கப்படும். இதனை நிரப்பும் வழி யாது? நூற்றுக்கு 8 வட்டி கிடைக்குமாயின், 20 இலட்சம் ரூபா நிலையான வைப்பு ஆண்டுதோறும் 160,000 ரூபாவைத் தரும். ஆகவே, 80 இலட்சம் சேர்ந்த ஊர் 80 இலட்சத்துக்குக் கட்டடம் எழுப்பலாகாது. 60 இலட்சத்துக்குக் கட்டி, 20 இலட்சத்தை வைப்பிலிடல் வேண்டும். மண்டபம் சிறிது குறுகும். மேடையின் அலங்காரம் குறையும். ஆயின், விளக்கு எரியும்.

வட்டியால் மட்டும் என்றும் வாழலாம் என்று எண்ணுதலும் பிழை. 2022 ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்திற் கொழும்பின் பணவீக்கம் நூற்றுக்கு ஏறக்குறைய 70 ஆக உயர்ந்தது. அத்தகைய காலத்தில் வைப்பின் பெறுமதி தேயும்; சேர்த்து வைத்த கட்டடப் பணமும் சுருங்கும். எனவே, வைப்பைப் புதிய நன்கொடைகளால் வளர்த்துவருதலும், சந்தாவைக் காலத்துக்கேற்ப உயர்த்துதலும், கட்டடத்தைப் பகுதி பகுதியாகக் கட்டி ஒவ்வொரு பகுதியையும் முடிந்தவுடனே பயன்படுத்துதலும் தக்கன.

நிருவாகம்

பணம் வாங்கும்போதே பற்றுச்சீட்டுக் கொடுத்தல், வங்கிக் கணக்கை இருவர் கையொப்பத்தால் நடத்துதல், மாதந்தோறும் வரவு செலவை அறிவித்தற் பலகையில் ஒட்டுதல், ஆண்டுதோறும் சபைக்கு வெளியேயுள்ள ஒருவரைக் கொண்டு கணக்கைப் பரிசோதித்தல் என்னும் நான்கும் தவறலாகாதன. நூறு ரூபா தந்த குடும்பம் தன் பெயரைப் பலகையிற் காணுமாயின், அடுத்த மாதமும் அது தரும். காரியதரிசி, தனாதிகாரி பதவிகளிற் பெண்களும் இளைஞரும் இடம்பெறுதல் வேண்டும். பதவிகளை ஈராண்டுக்கொருமுறை மாற்றுதல், நிலையம் ஒருவரின் சொந்தச் சொத்தெனத் தோன்றாமற் காக்கும்.

பழைய மாணவர் கடன்

கல்லூரியிற் கற்று வெளியேறிய நம்மவருட் பலர் தத்தம் ஊருக்கு ஏதேனும் செய்ய விரும்புகின்றனர். பெற்றோர் பெயரால் ஒரு மண்டபமோ ஒரு வாயிலோ கட்டிக் கொடுத்தல் நற்செயலே. அதனினும் நீடித்த பணி ஒன்றுண்டு. பராமரிப்பாளரின் ஒரு மாதச் சம்பளத்தை ஒருவர் ஏற்கலாம். பத்திரிகைகளின் ஓராண்டுச் செலவை ஓர் வகுப்பார் கூடி ஏற்கலாம். வைப்புநிதிக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை அனுப்பலாம். இவற்றுக்குப் பெயர் பொறித்த கல் இல்லை. எனினும், பிற்பகலிலே தையல் பழக வந்த பெண்ணும், களத்திற் கரப்பந்து ஆடும் இளைஞனும், இரவிலே படிக்க வந்த மாணவனும் அக்கொடையின் பயனை நாள்தோறும் நுகர்வர். கணக்கறிந்தோர் ஊரின் கணக்கை எழுதிக் கொடுக்க. சட்டமறிந்தோர் உறுதியைச் சரிபார்க்க. பொறியியலறிந்தோர் வரைபடம் வரைக. மாணவர் வீடுதோறும் சென்று வினவுக. இவ்வாறு நாம் ஒவ்வொருவரும் நம் ஊருக்காக ஒரு பங்கை ஏற்போமாயின், நிலையத்தின் கதவு ஒவ்வொரு மாலையும் திறக்கும்.