நூறு வெள்ளிப்பணம்

வியாழக்கிழமை வேதபாடத்தில் மத்தேயு 18-ஆம் அதிகாரத்தைத் தியானித்தோம். வர முடியாதவர்களுக்காக அதை எழுதிக் கொடுங்கள் என்று சிலர் கேட்டதால் எழுதுகிறேன். நடுவில் என் சொந்தக் கதையும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேதத்தைத் திறந்து 21 முதல் 35 வரை வாசித்துவிடுங்கள். சகோதரனுக்கு எத்தனை தரம் மன்னிப்பது, ஏழு தரம் போதுமா என்று பேதுரு கேட்கிறார். ஏழெழுபது தரம் என்று சொல்லிவிட்டுக் கர்த்தர் ஒரு கதை சொல்லுகிறார். ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஒரு ஊழியக்காரன் காலில் விழுகிறான். ராஜா மனதுருகி முழுக்கடனையும் தள்ளிவிடுகிறார். அவன் வெளியே வந்து, தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டிய உடன்வேலைக்காரன் கழுத்தைப் பிடிக்கிறான்.

ஞாயிறு பள்ளி நாளிலிருந்து இதைக் கேட்கிறோம், கணக்கு மட்டும் போடுவதில்லை. மத்தேயு 20-ல் திராட்சத்தோட்டத்து ஆளுக்கு ஒரு நாள் கூலி ஒரு வெள்ளிப்பணம். ஒரு தாலந்து என்பது சுமார் 6,000 வெள்ளிப்பணம். அப்படியானால் பதினாயிரம் தாலந்து 6 கோடி நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் வேலைக்குப் போய், ஒரு காசும் செலவழிக்காமல் கட்டினாலும் 2,00,000 வருஷம் ஆகும். கலிலேயா, பெரேயா இரண்டையும் ஆண்ட ஏரோது அந்திப்பாவுக்கு அந்தத் தேசங்களிலிருந்து வந்ததே வருஷத்துக்கு 200 தாலந்து என்று ஜோசிபஸ் என்னும் யூத சரித்திரக்காரர் எழுதியிருக்கிறார். அவனுடைய 50 வருஷ வருமானம்! கேட்ட மீன்பிடிக்காரர்கள் வாயைப் பிளந்திருப்பார்கள்.

அடுத்த கடனைப் பாருங்கள். நூறு வெள்ளிப்பணம், நூறு நாள் கூலி. நூறு நாள் வேலை என்றால் நம்ம ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2005-ல் வந்த சட்டம் ஒரு குடும்பத்துக்கு ஒரு வருஷத்துக்கு உறுதி கொடுத்ததே அவ்வளவுதான். அதை ஒருத்தன் வாங்கிக்கிட்டு ஏமாத்தினா சும்மா இருப்போமா? பிரசங்கங்களில் அந்தத் தொகையை அற்பம் என்று தள்ளிவிடுகிறோம். அது சரியில்லை என்பது என் தாழ்மையான எண்ணம். உனக்கு நேர்ந்தது சின்ன விஷயம், மறந்துவிடு என்று இயேசு யாரிடமும் சொன்னதாகச் சுவிசேஷங்களில் நான் வாசிக்கவில்லை. மன்னிக்கிறவன் கையிலிருந்து நூறு நாள் கூலி நிஜமாகவே போகிறது.

என் நூறு வெள்ளிப்பணம் இது. அப்பா காலத்துக் கிணற்றில் எனக்கும் அண்ணனுக்கும் பங்கு. ஒரு நாள் அவர் முறை, ஒரு நாள் என் முறை. 2016-ல் மழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி என்று அரசு அறிவித்ததே, அந்த வருஷம். நேந்திரன் வாழை தார் தள்ளுற நேரம். ராத்திரி த்ரீ பேஸ் கரண்ட் வந்து மோட்டார் ஓடுற சத்தம் கேக்குது, என் காட்டுல சொட்டுத் தண்ணி இல்லை. போய்ப் பார்த்தால் வால்வு அண்ணனுடைய பாக்குத்தோப்புப் பக்கம் திருப்பியிருக்கிறது. ஒரு ராத்திரி இல்லீங்க, ஒன்பது முறை. கேட்டதுக்கு, "பாக்கு போனா எந்திரிக்காது தம்பி, வாழை அடுத்த வருஷம் வெச்சுக்கலாம்"னு சொன்னாரு. முந்நூறு வாழை போச்சு. நகைக்கடன் வட்டி மட்டும் நிக்கவே இல்லை.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் அவர் வாசலை நான் மிதிக்கவில்லை. வெட்கம் என்னவென்றால், அந்த மூன்று வருஷமும் நான் சபையில் வேதபாடம் எடுத்தேன். உபவாச ஜெபத்தில் கையை உயர்த்தினேன். மாதந்தோறும் கர்த்தருடைய பந்தியில் அப்பம் எடுத்தேன். மன்னிக்கச் சொல்லும் வசனங்களுக்கு நல்ல வியாக்கியானமும் வைத்திருந்தேன். அண்ணன் இரட்சிக்கப்படாதவர், ஆகவே வேதம் சொல்லும் 'சகோதரன்' அவர் இல்லையாம்! கூடப்பிறந்தவரைச் சகோதரன் இல்லை என்று நிரூபிக்க வேதத்தைத் திறந்த மனுஷன் நான். நின்று ஜெபிக்கும்போது மன்னிக்கச் சொல்லும் மாற்கு 11:25-ல் சகோதரன் என்ற வார்த்தையே இல்லை என்பது பிறகுதான் என் கண்ணில் பட்டது.

2020 ஜனவரியில் ஒரு உபவாசக் கூட்டத்தில் ஸ்டெயின்ஸ் குடும்பத்தைப் பற்றி ஒரு ஊழியர் பேசினார். கிரஹாம் ஸ்டெயின்ஸ் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து ஒடிசாவின் பாரிபதாவில் தொழுநோயாளிகளுக்கு ஊழியம் செய்தவர். 1999 ஜனவரி 22 இரவு மனோகர்பூர் கிராமத்தில் தன் இரண்டு பையன்களோடு வண்டிக்குள் படுத்திருந்தார். பிலிப்புக்கு 10 வயசு, தீமோத்திக்கு 6. கூட்டமாக வந்தவர்கள் வண்டிக்குத் தீ வைத்தார்கள். மூன்று பேரும் மரித்தார்கள். மனைவி கிளாடிஸ் அம்மா, கொன்றவர்களை மன்னித்துவிட்டேன் என்று எல்லோருக்கும் முன்பாகச் சொன்னார். மகள் எஸ்தரோடு பாரிபதாவிலேயே இருந்து அதே நோயாளிகளை 2004 வரை கவனித்தார். 2005-ல் அரசாங்கம் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது.

ஒன்றைக் கவனியுங்கள். அவர் மன்னித்ததால் வழக்கு நின்றுவிடவில்லை. 2003-ல் முக்கியக் குற்றவாளிக்கு மரண தண்டனை, 2005-ல் உயர்நீதிமன்றத்தில் அது ஆயுள் தண்டனையாயிற்று, 2011-ல் உச்சநீதிமன்றம் அதை உறுதிசெய்தது. இதை ஏன் சொல்லுகிறேன் என்றால், வீட்டில் அடிவாங்கும் சகோதரியிடம் 'மன்னிச்சுட்டே இரும்மா' என்று மட்டும் சொல்லி அனுப்புகிறவர்கள் நமக்குள்ளும் இருக்கிறார்கள். அது கர்த்தருடைய உபதேசம் அல்ல. அதே 18-ஆம் அதிகாரம் 15 முதல் 17 வரை பாருங்கள். குற்றத்தை அவனிடத்தில் போய்ச் சொல்லு, கேளாவிட்டால் சாட்சிகளோடு போ, அதற்கும் கேளாவிட்டால் சபைக்குத் தெரியப்படுத்து என்று ஆண்டவர் வழி வைத்திருக்கிறார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. ஆவியானவர் மத்தேயு 5:23,24-ஐ நினைப்பூட்டினார். பலிபீடம் இருந்தது எருசலேமில், ஆண்டவர் பேசிக்கொண்டிருந்தது கலிலேயாவில். காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் ஒப்புரவாகி வா என்றால், இங்கிருந்து ஏறக்குறைய ஈரோடு வரை நடக்கிற தூரம். எனக்கும் அண்ணன் வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு வேலி.

அதைவிட என்னைக் குத்தினது வேறு. அந்த வசனத்தில் குறை இருப்பது என் மனசில் அல்ல, எதிராளி மனசில். அன்றைக்கு வால்வுப் பக்கத்தில் வேலையாட்கள் முன்னாடி, "அப்பன் சொத்தைத் தின்னவன்" என்று அண்ணனைப் பேசியிருந்தேன். மூன்று வருஷமும் அவர் கடனை எழுதி வைத்தவன், என் கடனை மறந்தே போனேன்.

பிப்ரவரி முதல் ஞாயிறு, பந்திக்கு முன்னால் எழுந்து போனேன். அண்ணன் களத்தில் பாக்கு காயப்போட்டுக்கொண்டிருந்தார். "ஏனுங்ணா, ஆளுங்க முன்னாடி அன்னைக்கு நான் பேசினது தப்புங்ணா" என்றேன். அவர் பாக்கைக் கிளறிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "வெயில்ல நிக்காத, காப்பி குடிச்சுட்டுப் போ" என்றார். அண்ணி கொண்டுவந்து வைத்தாங்க. அவ்வளவுதான் நடந்தது.

வாழையைப் பற்றி அவர் இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. நஷ்டக்கணக்கு எழுதிய டைரித் தாளை நான் கிழித்துவிட்டேன், ஆனால் தொகை மனப்பாடமாக இருக்கிறது. அது ஞாபகம் வரும்போதெல்லாம் மறுபடியும் மன்னிக்க வேண்டியிருக்கிறது. ஆண்டவர் சொன்ன அந்த 490 தரம் ஒரே குற்றத்துக்கும் பொருந்துமோ என்று நினைத்துக்கொள்கிறேன். வால்வுக்கு இப்போது இரண்டு பூட்டு, ஆளுக்கு ஒரு சாவி. பூட்டு வாங்க நானும் அவரும் ஒரே வண்டியில்தான் போனோம்.

வருகிற முதல் ஞாயிறு நமக்குப் பந்தி. ஆராதனை நடுவில் யாராவது எழுந்து வெளியே போனால் திரும்பிப் பார்க்க வேண்டாம். தூரமாகப் போக வேண்டியவர்கள் என் வண்டியை எடுத்துக்கொள்ளலாம், சாவி அதிலேயே இருக்கும்.