பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது மின் ஒயரிங்

அறுவடை முடிந்து கையில் பணம் இருக்கும் தை, மாசி மாதங்களில்தான் கிராமங்களில் பழைய வீடுகளைச் செப்பனிடும் வேலை மும்முரமாக நடக்கிறது. ஓட்டைப் பிரித்துத் தளம் போடுவது, சமையலறையை விரிப்பது, குளியலறை சேர்ப்பது ஆகியவற்றுக்கெல்லாம் கொத்தனாருடன் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள். ஒயர்மேனை மட்டும் பூச்சு வேலை முடியும் தறுவாயில் தேடுகிறார்கள். அதற்குள் காரியம் கெட்டுவிடுகிறது.

தளத்துக்குள் போகும் பி.வி.சி. குழாய்களையும் மின்விசிறிப் பெட்டிகளையும் கம்பி கட்டிய பிறகு, கான்கிரீட் போடுவதற்கு முன் வைத்தாக வேண்டும். சுவரில் காடி வெட்டும் வேலையைப் பூச்சுக்கு முன்பே முடிக்க வேண்டும். மண் சாந்தில் கட்டிய பழைய சுவரில் குறுக்கே நீளமாகக் காடி வெட்டினால் சுவர் பலம் இழக்கும். மேலிருந்து நேராகக் கீழே இறக்குவதே முறை. ஆகவே சென்ட்ரிங் அடிக்கும் முன்பே விளக்கு, விசிறி, பிளக், சுவிட்சு எங்கெங்கே வரவேண்டும் என்று ஒரு தாளில் வரைந்துகொள்வது அவசியம். கிரைண்டரும் மிக்சியும் வைக்கும் இடத்தை வீட்டுப் பெண்களைக் கேட்டுக் குறிப்பது நல்லது.

"பழைய ஒயர் நன்றாகத்தானே இருக்கிறது, பாதியை வைத்துக்கொள்வோம்" என்ற யோசனை பலருக்கும் வரும். இது தவறான சிக்கனம். மரச்சட்டத்தின் மேல் ஓடும் பழைய ஒயரின் உறை வெடித்திருக்கும்; எலி கடித்திருக்கும். பழைய அலுமினிய ஒயரைப் புதிய செம்பு ஒயருடன் முறுக்கி இணைத்தால் அந்த இணைப்பு நாளடைவில் தளர்ந்து சூடேறும். அதைப் பூச்சுக்குள் மறைத்துவிட்டால் பிறகு கண்டுபிடிப்பது கடினம்.

அக்காலத்தில் நாலு பல்பும் இரண்டு விசிறியும் கணக்கிட்டே ஒயர் இழுத்தார்கள். இன்று 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி 4 ஆம்பியருக்குச் சற்று அதிகமாகவும், 2,000 வாட் வெந்நீர் கீசர் ஏறக்குறைய 9 ஆம்பியரும் இழுக்கின்றன. பியூஸ் போகும்போதெல்லாம் தடித்த கம்பியைப் போட்டுவைத்தால், பியூஸுக்குப் பதில் சுவருக்குள் இருக்கும் ஒயர்தான் எரியும்.

விளக்கு, விசிறிக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரும், 16 ஆம்பியர் பிளக்குகளுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரும் போடலாம். ஒரு விளக்குச் சுற்றில் 10 பாயின்டுகளுக்கு மேல் வேண்டாம். கீசருக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் தனித்தனிச் சுற்று, தனித்தனி எம்.சி.பி. தேவை. மொத்த மின்பளு அனுமதிக்கப்பட்டதைவிடக் கூடினால் மின்வாரியத்தில் கூடுதல் பளுவுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

எம்.சி.பி. ஒயரைக் காப்பாற்றும், மின்கசிவிலிருந்து ஆளைக் காப்பாற்றாது. அதற்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேண்டும். பழைய ஒயரிங்கில் இரண்டு சுற்றுகளுக்கு ஒரே நியூட்ரல் கலந்திருந்தால் இது அடிக்கடி விழும். உடனே "கருவி சரியில்லை" என்று அதைக் கழற்றி நேரடியாக இணைத்துவிடும் வழக்கம் இருக்கிறது. இது உயிருக்கு ஆபத்து. ஒவ்வொரு சுற்றுக்கும் நியூட்ரலைத் தனியாகக் கொண்டுவந்தால் இந்தத் தொல்லை இராது. ஆர்.சி.சி.பி. இருக்கிறது என்று எர்த்தைக் கைவிடவும் கூடாது. 2.5 மீட்டர் நீளமுள்ள ஜி.ஐ. குழாயை ஈரம் தங்கும் இடத்தில் புதைத்து, கோடையில் தண்ணீர் ஊற்றிவர வேண்டும்.

மாட்டுத் தொழுவத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மாட்டின் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே ஏறக்குறைய 1.5 மீட்டர் இடைவெளி உண்டு. ஈரத் தரையில் மின்சாரம் கசிந்தால், மனிதனுக்கு லேசாகத் தெரியும் கசிவுகூட மாட்டைச் சாய்த்துவிடும். தொழுவத்துக்குத் தனி ஆர்.சி.சி.பி. வைப்பதும், ஒயரை மரத்தில் கட்டாமல் கவச கேபிளாகப் புதைப்பதும் நல்லது. தட்டை வெட்டும் இயந்திரம் தொலைவில் இருந்தால் 2.5க்குப் பதில் 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் தேவைப்படும். பம்புசெட்டின் இலவச இணைப்பிலிருந்து வீட்டுக்கு ஒயர் இழுப்பது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவில் அனுமதியற்ற உபயோகம். இருமடங்குக் கட்டணம் விதிக்கப்படும்.

வேலை நடக்கும் நாட்களில்தான் கவனம் அதிகம் வேண்டும். இடிக்கும் பகுதியின் மின்சாரத்தை மெயின் போர்டிலேயே துண்டிக்க வேண்டும். புதுத் தளத்துக்குத் தண்ணீர் விடும்போது பழைய சுவரில் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தால், நனைந்த சுவரே ஆளைத் தாக்கும்.

உரிமம் பெற்ற ஒயர்மேனைக் கொண்டு, இணைப்புக் கொடுக்கும் முன் 500 வோல்ட் மெக்கரால் சோதிக்கச் சொல்ல வேண்டும். காப்பு மின்தடை 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. பூச்சுக்கு முன் குழாய் போகும் சுவர்களை, அளவு நாடாவைப் பக்கத்தில் பிடித்து, கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால், பின்னால் ஆணி அடிக்கும்போது உதவும்.