தரகரிடம் புது போட்டோவைக் கொடு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. உன் அம்மா நேற்று போனில் அழுதாள். ‘பையனுக்கு வயசு அதிகமாத் தெரியுது’ என்று பெண் வீட்டார் சொல்லி அனுப்பியதிலிருந்து நீ சரியாகச் சாப்பிடுவதில்லையாம். சொந்தத்தில் நடந்த வளைகாப்புக்கும் வரவில்லை. வீடியோ காலில்கூட நெற்றி தெரியாமல் போனைப் பிடிக்கிறாய். நான் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

‘முடிதானே, இதுக்கா கவலை’ என்று நான் சொல்ல மாட்டேன். இந்த வயதில் வலிக்கத்தான் செய்யும். ஒரு பெண்ணின் நிறத்தைப் பற்றிப் பேசினால் இன்று அதட்டுவதற்கு வீட்டில் ஒருவராவது இருக்கிறார்கள். ஆம்பளைப் பையனை ‘சொட்டை’ என்றால் சபையே சிரிக்கிறது. நம் சினிமா பழக்கிவிட்ட சிரிப்பு அது. அவர்களோடு சேர்ந்து நீயும் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நிற்கிறாயே, அதுதான் கொடுமை. இனி யார் அப்படிக் கூப்பிட்டாலும் ‘எனக்குப் பிடிக்கலை’ என்று முகத்துக்கு நேரே சொல். உன் சித்தப்பாவாக இருந்தாலும் சொல்.

முடி கொட்டுவதற்கு ஹெல்மெட்டையும் போர்த் தண்ணீரையும் திட்டாதே. உன்னைப் போல நெற்றி இரு பக்கமும் ஏறி உச்சி மெலிவது பரம்பரை. அம்மா வழி, அப்பா வழி இரண்டிலும் வரும். டிஎச்டி என்ற ஹார்மோன் முடிவேர்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கிவிடுகிறது. ஐம்பது வயதுக்குள் ஆண்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இது ஓரளவாவது வந்துவிடும். மினாக்சிடில், பினாஸ்டரைடு என்ற இரண்டு மருந்துகளுக்கும் பலன் உண்டு. ஆனால் பலன் தெரிய மாதக்கணக்காகும், நிறுத்தினால் காப்பாற்றிய முடியும் போய்விடும், பக்கவிளைவும் வரலாம். தோல் மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதே. எண்ணெய் விளம்பரங்களுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதே. முடி நடுவதென்றால் இன்னும் கவனம் வேண்டும். 2016-ல் சென்னையில் மருத்துவம் படித்த மாணவர் ஒருவரே அந்தச் சிகிச்சைக்குப் பின் உயிரிழந்தார்.

தூக்கம் வராமலே நாட்கள் போனால் மனநல மருத்துவரிடம் நானே கூட வருகிறேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைசியாக ஒன்று. தரகரிடம் இருப்பது நீ காலேஜ் முடித்தபோது எடுத்த போட்டோவாமே? அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு நேரில் முகம் மாறத்தான் செய்யும். அந்த முகமாற்றத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் நீ இப்படி ஒடுங்கிப் போயிருக்கிறாய். வேண்டாம் என்பவர்கள் அவர்கள் வீட்டிலிருந்தே சொல்லிவிடட்டும். இந்த வாரமே ஸ்டுடியோவுக்குப் போய், இப்போது இருக்கிறபடியே ஒரு போட்டோ எடுத்துக் கொடு.

அன்புடன்,
மாமா