மரத்துப்போகும் ஊசியும் நீளமான கண்ணும்

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. சின்ன வயதிலிருந்தே மைனஸ் 14 கண்ணாடி. வலது கண்ணில் புரை ஆபரேஷனுக்காகக் கண்ணோரம் மரத்துப்போகும் ஊசி போட்டபோது வலி தாங்காமல் துடித்துவிட்டார். ஊசி கண்ணுக்குள் இறங்கிவிட்டது என்று ஆபரேஷனை நிறுத்தி, விழித்திரை டாக்டரிடம் அனுப்பினார்கள். இது கவனக்குறைவா? இடது கண்ணிலும் புரை இருக்கிறது. பயமாக இருக்கிறது.
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் வலது கண்ணைக் கவனியுங்கள் அம்மா. ஊசி குத்திய இடத்தில் விழித்திரையில் ஓட்டை விழுந்திருக்கும். ஓட்டை மட்டும்தான் என்றால் லேசரால் அதைச் சுற்றி அடைத்துவிடலாம். உள்ளே ரத்தம் கசிந்து மறைத்தாலோ, விழித்திரை பிரிந்தாலோ, கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லை அகற்றும் விட்ரெக்டமி ஆபரேஷன் தேவைப்படும். பார்வையின் நடுமையமான மாக்குலா தப்பியிருந்தால் நம்பிக்கைக்கு இடமுண்டு. கண்ணுக்குள் மின்னல் வெட்டினாலோ, கரும்புள்ளிகள் திடீரென்று கூடினாலோ, திரை விழுவதுபோல் ஒரு பக்கம் மறைந்தாலோ அன்றைக்கே போய்விடுங்கள்.

இப்படி ஏன் நடக்கிறது? சாதாரணக் கண் முன்னிருந்து பின்னாக 23, 24 மில்லிமீட்டர் நீளம். அதிக மைனஸ் பவர் உள்ளவர்களின் கண் 26-ஐத் தாண்டி, சிலருக்கு 30 வரைகூட நீண்டிருக்கும். ஊதிய பலூன்போல் அதன் சுவர் மெலிந்துவிடும். பின்புறம் புடைத்தும் இருக்கலாம். கீழ் இமையின் வெளியோரத்தில் நுழையும் ஊசி கண்ணைத் தொடாமல் விலகிப் பின்னே போக வேண்டும். புடைத்த கண்ணில் அந்த இடைவெளி குறைந்துவிடுகிறது. வலி ஓர் எச்சரிக்கைதான். ஆனால் ஊசி உள்ளே போயும் வலியே தெரியாதவர்களும் உண்டு.

கவனக்குறைவா என்றால், கேஸ் ஷீட்டைப் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது. கைதேர்ந்தவர்களுக்கும் அபூர்வமாக இது நேர்ந்திருக்கிறது. ஆனால் லென்ஸ் பவர் கணக்கிட ஆபரேஷனுக்கு முன்பே ஸ்கேன் எடுத்துக் கண்ணின் நீளத்தை அளந்துவிடுகிறார்கள். ஸ்கேன் சீட்டில் ‘ஏ.எல்.’ என்ற எழுத்துகளுக்கு நேரே இருப்பது அந்த அளவு. லென்ஸுக்காகப் பார்க்கும் அதே எண்ணை ஊசிக்காகவும் பார்க்க வேண்டும். அதைப் பார்த்தார்களா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. கண்ணாடி பவரை மட்டும் நம்ப முடியாது: லேசர் செய்து கண்ணாடியைக் கழற்றியவருக்கும் கண் நீளமாகவேதான் இருக்கும், புரை முற்றுவதாலேயே மைனஸ் ஏறியவருக்கோ கண் சாதாரண நீளத்தில் இருக்கலாம்.

இடது கண்ணுக்கு ஆபரேஷன் செய்யலாம். வலது கண்ணின் நிலை தெளிவான பிறகு, விழித்திரை டாக்டரையும் கலந்துகொண்டு நாள் குறியுங்கள். அந்தக் கண்ணும் பெரும்பாலும் நீளமாகவே இருக்கும் என்பதால் கூர்மையான ஊசி வேண்டாம் என்பதே என் கருத்து. சொட்டு மருந்திலேயே இன்று புரை ஆபரேஷன் நடக்கிறது. கண்ணை லேசாக அழுத்துவது தெரியும், வெளிச்சம் தெரியும். பெரிய வலி இருக்காது. அசையாமல் படுக்க முடியாதவர்களுக்கு ‘சப்-டெனான்’ முறை இருக்கிறது. வெண்விழியின் மேல்தோலைச் சிறிது திறந்து, முனை மழுங்கிய குழாய் வழியாக மருந்தைச் செலுத்துவார்கள். ஆபத்து அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணைத் துளைக்கும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. இந்த முறைக்குப் பிறகு கண் சிவந்து சில நாள் அப்படியே இருந்தால் பதற வேண்டாம்.

அப்பாவுக்கு இருமல், கை நடுக்கம், காது மந்தம் ஏதாவது இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சொட்டு மருந்தா, சப்-டெனானா என்று முடிவு செய்ய டாக்டருக்கு அது தெரிய வேண்டும். வலது கண்ணில் நடந்ததையும் டிஸ்சார்ஜ் சம்மரியோடு காட்டுங்கள்.