18 வயதுக்குப் பிறகு: பகல்நேர மையம் தேடுவோருக்கு முழுமையான வழிகாட்டி

சிறப்புப் பள்ளிப் படிப்பு பெரும்பாலும் 18 வயதோடு முடிந்துவிடும். அறிவுசார் குறைபாடுள்ள மகனோ மகளோ அதன்பின் வீட்டிலேயே இருந்துவிட்டால், பேருந்து ஏறவும் கடையில் காசு கொடுக்கவும் பழகியதெல்லாம் மெல்ல மறந்துபோகும். காலையில் போய் மாலையில் வீடு திரும்பும் பகல்நேர மையங்கள் இதற்காகத்தான். தமிழ்நாட்டில் முதல்முறை தேடும் குடும்பங்களுக்கான படிகள் இவை. ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள்: நீங்கள் இடம் பார்ப்பது வயதுவந்த ஒருவருக்கு.

படி 1: ஆவணங்கள்

மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை (யுடிஐடி) இல்லையென்றால் முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு இருப்பதாகச் சான்று வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். தெரபிச் செலவும் அதில் அடங்கும்.

18 வயது தாண்டியவருக்குப் பெற்றோர்கூடத் தாமாகவே சட்டப் பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. வங்கி, சொத்து விவகாரங்களுக்குப் பாதுகாவலர் தேவைப்பட்டால், 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

படி 2: ஒரு பக்கக் குறிப்பு

தானாகச் செய்வது, உதவி கேட்பது, பிடித்தது, பயப்படுவது, பசியையும் வலியையும் எப்படிக் காட்டுவார் என்பது எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். வலிப்பு உள்ளவரென்றால் மாத்திரையின் பெயர், அளவு, நேரம் மூன்றும் கட்டாயம். வலிப்பு 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதையும் சேருங்கள்.

படி 3: எங்கே விசாரிப்பது

படித்த சிறப்புப் பள்ளியிலேயே தொடங்குங்கள். சில பள்ளிகள் தொழிற்பயிற்சிப் பிரிவும் நடத்துகின்றன. அடுத்து மாவட்ட நல அலுவலகம், பெற்றோர் சங்கங்கள். சென்னையை ஒட்டி முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. தென்காசிப் பக்கத்துக் குடும்பங்கள் ஆய்க்குடியில் 1981 முதல் இயங்கும் அமர் சேவா சங்கத்தில் விசாரிக்கலாம்.

படி 4: வேலை நாளில் நேரில் பாருங்கள்

விழா நாளில் போகாதீர்கள். சாதாரண நாளில், முற்பகல் 11 மணிவாக்கில் போனால் உண்மை தெரியும். கவனிக்க வேண்டியவை:

- காகிதப்பை, மெழுகுவர்த்தி, தோட்டம், சமையல் என வேலைகளில் தேர்வு இருக்கிறதா? எல்லோரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்களா?
- முப்பது வயதுக்காரரிடம் ஊழியர்கள் குழந்தையிடம் கொஞ்சுவதுபோலப் பேசுகிறார்களா, பெயர் சொல்லி மரியாதையாகப் பேசுகிறார்களா?
- கடைத்தெரு, அஞ்சலகம், பூங்கா என்று வெளியே அழைத்துப் போவது உண்டா?
- செய்த பொருள் விற்றால் ஊக்கத்தொகை யார் கைக்குப் போகிறது?
- கழிப்பறையிலும் மாதவிடாய் நாட்களிலும் பெண்களுக்குப் பெண் ஊழியர்தான் உதவுகிறாரா?
- வேனில் ஓட்டுநரைத் தவிர உதவியாளர் இருக்கிறாரா? கடைசியாக இறங்குபவர் யார்?

முக்கியமாக, சேரப்போகிறவரையும் கூட்டிப் போங்கள். பேச்சு வராதவர்கூட எங்கே நின்று பார்க்கிறார், எங்கிருந்து விலகுகிறார் என்பதில் பதில் இருக்கிறது.

படி 5: மெல்லத் தொடங்குங்கள்

முதல் வாரம் அரை நாள் போதும். மதியச் சாப்பாடு பழகியபின் முழு நாளாக்குங்கள். வேன் இல்லாத ஊரில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்து உதவும். அதில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருபவருக்கும் கட்டணமில்லை. பேருந்து ஏறிப் போவதும் பயிற்சியே.

படி 6: மூன்று மாதம் கழித்துப் பாருங்கள்

தூக்கம், பசி, கோபம், வீட்டில் புதிதாகச் செய்யும் வேலை ஆகியவற்றில் மாற்றம் தெரிகிறதா? காரணம் தெரியாத காயமோ, திடீர்ப் பயமோ தெரிந்தால் அன்றே போய்க் கேளுங்கள். காலையில் போக மறுத்தால் பிடிவாதம் என்று ஒதுக்காமல், என்ன பிடிக்கவில்லை என்று தேடுங்கள். சில சமயம் வேலையையோ உட்காரும் இடத்தையோ மாற்றினாலே சரியாகிவிடும். அப்போதும் சரியாகவில்லை என்றால் வேறு மையம் பாருங்கள். பிடிக்காத வேலையை விட்டு விலகும் உரிமை நமக்கு இருப்பதுபோல் அவருக்கும் உண்டு.