மலை லேண்ட்ரோவருக்கு டைமிங் வைத்தல்

'டைமிங் வைப்பது' என்று பட்டறைகளில் சொல்வார்கள். தீப்பொறி எந்தக் கணத்தில் பாய வேண்டும் என்று பார்த்து, அதற்கேற்ப டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி இறுக்குவதுதான் அது. இன்றைய வாகனங்களில் இந்த வேலையைக் கணினியே செய்துவிடுகிறது. அதனால் பொறியியல் பயிலும் நம் மாணவர்கள்கூட இதை ஒரு வரைபடமாகப் பார்த்ததோடு சரி. கையில் கறை படச் செய்துபார்க்க விரும்பினால், கேமரன் மலையில் காய்கறி சுமக்கும் பழைய லேண்ட்ரோவரைவிட நல்ல ஆசான் கிடையாது. சிலவற்றில் டீசல் எஞ்சினை மாற்றிப் பொருத்திவிட்டார்கள். நான் இங்கே சொல்லப்போவது 1958 முதல் 1985 வரை அவ்வண்டிகளில் வந்த 2286 சி.சி. நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினைப் பற்றி.

முதலில் ஒரு கேள்வி. பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் பொறியைப் பாய்ச்சினால் என்ன? ஏன் அதற்கு முன்பே பாய்ச்ச வேண்டும்? பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை வெடிமருந்து போல் ஒரே நொடியில் வெடிப்பதில்லை. பிளக்கில் தொடங்கிய தீ சிலிண்டர் முழுவதும் பரவ நேரம் பிடிக்கிறது. பிஸ்டன் உச்சியைக் கடந்து சற்றே இறங்கத் தொடங்கும்போது அழுத்தம் மிகுதியாக இருந்தால்தான் தள்ளுவிசை முழுமையாகக் கிடைக்கும். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். எஞ்சின் நிமிடத்திற்கு 600 சுற்றில் ஓடினால், ஒரு மில்லிவினாடியில் கிராங்க் தண்டு 3.6 பாகை திரும்புகிறது. 3000 சுற்றில் அதே மில்லிவினாடிக்கு 18 பாகை. வேகம் கூடக்கூடப் பொறியும் முந்த வேண்டும் என்பது இதிலிருந்தே விளங்கும். அதற்காகத்தான் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழற்சியில் விரியும் இரண்டு சிறு எடைகளை வைத்திருக்கிறார்கள். நாம் வைப்பது தொடக்கப் புள்ளியை மட்டுமே. மீதியை அந்த எடைகள் பார்த்துக்கொள்ளும்.

பெர்த்தாம் பள்ளத்தாக்கில் தோட்டம் வைத்திருக்கும் என் தாய்மாமாவின் வண்டி ஒரு மழைக்காலத்தில் மேடு ஏற மறுத்தது. "தம்பி, வண்டியில இழுவையே இல்லப்பா" என்றார். எஞ்சின் சூடேறியது, பெட்ரோலும் மளமளவென்று குறைந்தது. ஒரு பட்டறையில் எஞ்சினை முழுவதும் பிரித்து வேலை செய்ய வேண்டும் என்று மூவாயிரம் ரிங்கிட் கேட்டார்கள். முட்டைக்கோஸ் விலை சரிந்திருந்த நேரம் அது. வண்டியை விற்றுவிடலாமா என்றுகூட அத்தை பேசத் தொடங்கிவிட்டார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிப் பார்த்தோம். காண்டாக்ட் பாயிண்டின் குதிகால் தேய்ந்து, இடைவெளி ஏறக்குறைய மூடியிருந்தது. இடைவெளி குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும். பொறியும் தாமதமாகவே பாயும். தாமதமாகப் பற்றிய தீ வேலை செய்யாமல் வெப்பமாகப் புகைபோக்கிக்குள் போய்விடுகிறது. இழுவை இல்லாததற்கும் சூட்டிற்கும் காரணம் ஒன்றுதான். அப்படியே ஓட்டியிருந்தால் புகை வால்வுகள் கருகியிருக்கும். பட்டறைக்காரர் சொன்ன செலவு அப்போது உண்மையாகவே வந்திருக்கும்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் இடைவெளி, அதன் பிறகே டைமிங். மாற்றிச் செய்தால் வைத்த டைமிங் கெட்டுவிடும். கேம் மேட்டில் பாயிண்ட் முழுதாகத் திறந்திருக்கும்படி எஞ்சினைத் திருப்பி, அளவுத் தகட்டை நுழைத்து 0.014 முதல் 0.016 அங்குலத்திற்குள் (சுமார் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர்) வையுங்கள். தகடு லேசாக உரசிக்கொண்டு வர வேண்டும். பாயிண்டின் முகத்தில் குழியும் மேடுமாக இருந்தால் தேய்த்துச் சரிசெய்வதைவிடப் புதிதாக மாற்றுவதே நல்லது என்பது என் கருத்து. விலை அதிகமில்லை.

அடுத்து, முதல் சிலிண்டரின் உச்சநிலையைக் கண்டுபிடிக்க வேண்டும். ரேடியேட்டரை ஒட்டியிருப்பதுதான் முதல் சிலிண்டர். கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக் போட்டு, சாவியை எடுத்துவிட்டு, நான்கு பிளக்குகளையும் கழற்றுங்கள். இந்த வண்டிகளில் முன்னால் கைப்பிடி போட்டு எஞ்சினைச் சுற்றலாம் என்பது நமக்குப் பெரிய வசதி. நண்பர் ஒருவர் மெல்லச் சுற்றட்டும். நீங்கள் முதல் பிளக் துளையை விரலால் மூடிக்கொள்ளுங்கள். விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வந்தால் அதுதான் அமுக்க வீச்சு. இந்தச் சோதனையை விடக்கூடாது. எரியூட்டு வரிசை 1-3-4-2 என்பதால் முதல் பிஸ்டனும் நான்காம் பிஸ்டனும் சேர்ந்தே மேலே வருகின்றன. புல்லியிலுள்ள கோடு இரண்டுக்குமே முள்ளுக்கு நேராக நிற்கும். நான்காவதை முதலாவது என்று எண்ணி வைத்தால் பொறி ஒரு முழுச் சுற்றுத் தள்ளிப் பாயும். வண்டி கிளம்பாமல் கார்புரேட்டர் வழியாகத் தும்மும்.

எஞ்சினின் முன்மூடியில் உள்ள முள்ளில் உச்சநிலை, 3 பாகை, 6 பாகை என்று அடையாளங்கள் உண்டு. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, புல்லியின் கோட்டில் சாக்பீஸ் தடவுங்கள். எந்த அளவு வைப்பது என்பது எஞ்சினின் அமுக்க விகிதத்தையும் பெட்ரோலின் ஆக்டேன் எண்ணையும் பொறுத்தது. உங்கள் வண்டிக்குரிய கையேடே முடிவு சொல்லும். கோடு வேண்டிய அடையாளத்தைத் தாண்டிவிட்டால் அப்படியே பின்னுக்குத் திருப்பி நிறுத்தாதீர்கள். நன்றாகப் பின்னே போய், மறுபடி ஓடும் திசையிலேயே வந்து நிறுத்துங்கள். செயினிலும் பற்களிலும் உள்ள தளர்வு அப்போதுதான் கணக்கில் வராமல் போகும்.

இனி விளக்கு. 12 வோல்ட் பல்பு ஒன்றில் இரண்டு வயர் இணைத்து, ஒரு முனையைக் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய வயரின் இணைப்பிலும், மறுமுனையை எஞ்சின் உடம்பிலும் பொருத்துங்கள். சாவியைப் போடுங்கள். பாயிண்ட் மூடியிருக்கும் வரை மின்சாரம் அதன் வழியே எளிதாக உடம்புக்குப் போய்விடும், விளக்கு எரியாது. திறந்ததும் விளக்கு எரியும். பொறி பாயும் கணமும் அதுவே, ஏனெனில் காயிலில் ஓடிய மின்னோட்டம் அறுபடும்போதுதான் ஆயிரக்கணக்கான வோல்ட் எழுகிறது. டிஸ்ட்ரிபியூட்டரின் பிடியைத் தளர்த்தி, ரோட்டர் சுழலும் திசையிலேயே உடலைத் திருப்பி விளக்கை அணையுங்கள். பிறகு எதிர்த்திசையில் மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். விளக்கு எரியும் அந்த நொடியில் நிறுத்தி இறுக்குங்கள். கை மென்மையாக இருக்கட்டும்: டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் பாதி வேகத்தில் சுற்றுவதால், அங்கே ஒரு பாகை பிசகினால் கிராங்க்கில் இரண்டு பாகை பிசகும். இறுக்கிய பின் கைப்பிடியால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். கோடு அடையாளத்தைத் தொடும்போதே விளக்கு எரிந்தால் சரி. உடனே சாவியை அணைத்துவிடுங்கள். பாயிண்ட் மூடிய நிலையில் சாவி நெடுநேரம் கிடந்தால் காயில் சூடேறும்.

காதால் கேட்டே டைமிங் வைக்கும் கைதேர்ந்தவர்கள் மலையில் இருக்கிறார்கள். அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அம்முறையில் ஒரு பொறி இருக்கிறது. சுமார் 1500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. சிலிண்டருக்குள் அமுக்கமும் குறைவதால், பொறியை அதிகமாக முந்தவிட்டாலும் எஞ்சின் அங்கே முனகாது. இழுவைகூட நன்றாக இருக்கும். அதே வண்டி தாப்பாவுக்கு இறங்கி, உர மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, அடர்ந்த வெப்பக் காற்றில் மிதியை முழுதாக அழுத்தி ரிங்லெட் ஏறத் தொடங்கும்போது கதை வேறு. தகர டப்பாவில் கூழாங்கல் குலுக்கியது போல் ஒரு சத்தம் வரும். அது நீடித்தால் பிஸ்டனில் ஓட்டை விழும். மாமாவின் வண்டிக்குக் கையேட்டு அளவைத்தான் வைத்தோம்; அடிவாரத்திலிருந்து சுமையோடு ஏற்றியும் பார்த்தோம்.

முந்திய டைமிங்கின் இன்னோர் ஆபத்து கைப்பிடியில் இருக்கிறது. எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும். கைப்பிடி போட்டுக் கிளப்பும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்து, கீழிருந்து மேலாக இழுங்கள்.

கடைசிச் சோதனை சாலையில்தான். எஞ்சின் நன்றாகச் சூடான பின், மேல் கியரில் மணிக்கு 50 கிலோமீட்டரில் போய்க்கொண்டே மிதியை முழுதாக அழுத்துங்கள். மிக லேசான சத்தம் எழுந்து, வேகம் கூடியதும் மறைந்தால் பரவாயில்லை. நீடித்தால் பொறியைச் சற்றுத் தாமதப்படுத்த வேண்டும். பழைய லூக்காஸ் டிஸ்ட்ரிபியூட்டராக இருந்தால் பிடியைத் தளர்த்தவே வேண்டாம். பக்கவாட்டில் ஒரு சிறு திருகு இருக்கும், அதில் முந்துவதற்கும் பிந்துவதற்கும் திசை குறித்திருப்பார்கள். பிந்தும் பக்கம் சிறிது சிறிதாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் அதே மேட்டில் ஓட்டிப் பாருங்கள்.