விமானம் வேண்டாம், ரயிலில் போ

அன்பு மகளுக்கு,

இஸ்தான்புல்லிலிருந்து கார்ஸுக்கு விமானத்திலேயே போய்விடலாம், இரண்டு மணி நேரம்தான் என்று எழுதியிருந்தாய். வேண்டாம்மா, ரயிலில் போ. லீவு போதாது என்றால் பார்க்கும் ஊர்களில் ஒன்றைக் குறைத்துக்கொள்.

காரணம் சொல்கிறேன். 989-இல் நிலநடுக்கத்தில் இஸ்தான்புல்லின் ஹாகியா சோபியாவின் குவிமாடம் ஒரு பக்கம் இடிந்தபோது, அதைச் சரிசெய்து கொடுத்தவர் திர்தாத் என்ற ஆர்மீனியக் கட்டடக் கலைஞர். கார்ஸுக்கு அருகே ஆனி என்ற பாழடைந்த ஆர்மீனியத் தலைநகரில் 1001-இல் கட்டி முடிந்த பெரிய தேவாலயமும் அவர் கைவண்ணம்தான். அந்த இரண்டுக்கும் நடுவே எவ்வளவு பெரிய நிலம் கிடக்கிறது என்பது விமானத்தில் போனால் தெரியவே தெரியாது.

இஸ்தான்புல்லின் சிர்கெசியில் மர்மராய் ரயில் ஏறினால் கடலுக்கு அடியில் நாலே நிமிஷம், ஆசியா வந்துவிடும். அந்தப் பாதைக்காக யெனிகாபியில் தோண்டியபோது பைசாந்தியத் துறைமுகமும் 37 பழங்கப்பல்களும் கிடைத்தன. வேலை வருஷக்கணக்கில் தள்ளிப்போய், 2013-இல்தான் திறந்தார்கள். அங்காரா வரை அதிவேக ரயில். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அங்காராவில் தோவு எக்ஸ்பிரஸ் பிடி. 1,300 கிலோமீட்டர், ஒரு நாளுக்கு மேல் ஆகும். சுற்றுலாப் பயணிகளுக்கென்றே தனி வண்டியும் விடுகிறார்கள். நீ சாதாரண வண்டியிலேயே போ. ஊர்க்காரர்கள் ஏறி இறங்குவது அதில்தான். குளிர்காலத்தில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்கூட்டியே எடுத்துவிடு. எடுக்கும்போது வழியில் வரும் திவ்ரியி வரை ஒன்று, அங்கிருந்து மறுநாளைக்கு ஒன்று என இரண்டாக எடு.

திவ்ரியியைத் தவறவிடாதே. 1228-இல் தொடங்கிய மசூதியும் மருத்துவமனையும் ஒட்டியே நிற்கின்றன. மசூதியைக் கட்டுவித்தவர் அகமது ஷா. மருத்துவமனையைக் கட்டுவித்தவர் துரான் மெலெக் என்ற அரசி. வடக்கு வாசலுக்கு முன்னால் அவசரமில்லாமல் நில். கல்லில் கொடியும் இலையும் பூவும் சுவரை விட்டுப் பிதுங்கி வெளியே வந்திருக்கும். இந்தப் பக்கம் இருப்பது போல அந்தப் பக்கம் இருக்காது.

அதற்கப்புறம் பாதை யூப்ரடீஸின் மேற்கிளையான கராசு ஆற்றோடு மலையிடுக்கில் போகும். அந்தப் பகலில் தூங்கிவிடாதே, போனையும் பையில் போடு. எர்சுரும் வரும் முன்பே அங்குள்ள கெபாப் கடைக்குப் போன் செய்தால், விறகுத் தணலில் வாட்டிய ஜா கெபாப்பைப் பெட்டி வாசலிலேயே கொண்டுவந்து தருவார்கள். பக்கத்து இருக்கைக்காரர் ரொட்டியோ பாலாடைக்கட்டியோ நீட்டினால் வாங்கிக்கொள். நீயும் ஏதாவது கொடு.

கார்ஸில் இறங்கி ஆனிக்குப் போ. அதற்குக் கீழே ஓடும் ஆறுதான் எல்லை, அக்கரை ஆர்மீனியா. கார்ஸிலிருந்து ஆர்மீனியாவின் கும்ரிக்குப் போன ரயில் 1993-இல் நின்றுபோனது. நீ ரயிலில் கடந்துபோகும் நிலத்தின் ஆர்மீனியர்கள் 1915-இல் கூட்டம் கூட்டமாகத் துரத்தப்பட்டார்கள், கொல்லப்பட்டார்கள். அதைப் படித்துவிட்டுப் போ. படிக்காமல் போனால் ஆனி உனக்கு வெறும் கற்குவியல்தான். அங்குள்ளவர்களிடம் வாதாடப் போகாதே; பேசவிட்டுக் கேள்.

ஜனவரி என்றால் கார்ஸில் வெப்பநிலை உறைநிலைக்கு வெகு கீழே இறங்கும். நல்ல பூட்ஸ் வாங்கிக்கொள். தேதி முடிவானதும் எழுது.

அன்புடன்,
பெரியப்பா